டிஎஃப் பட்டியலுக்கு ஓர் உரை

லினக்ஸ் கணினியில் இடம் தீர்ந்துபோனால் அது சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". இதைப் பார்த்ததும் பலர் முதலில் செய்கிற காரியம், கைக்கு அகப்பட்டதை அழிப்பது. பழைய படங்கள், இறக்கி வைத்த சினிமா, இனித் தேவைப்படாது என்று தோன்றுகிற ஒரு ஃபோல்டர். அத்தனையும் அழித்த பிறகும் அதே வாசகம் திரும்ப வரும். கோப்பும் போய்விட்டது, இடமும் கிடைக்கவில்லை. எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கான விடை கணினியே எழுதித் தருகிற ஒரு பட்டியலில் இருக்கிறது. அதை நிதானமாகப் படித்துவிட்டு அழிப்பவருக்கு இழப்பு வராது. அந்தப் பட்டியலுக்குத்தான் இந்த உரை.

டெர்மினலைத் திறந்து ‘டிஎஃப் -எச்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். 500 ஜிபி எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும் உள்ள, உபுண்டுவின் சற்றுப் பழைய பதிப்பை நிறுவிய ஒரு மடிக்கணினி நிறைந்து நிற்கும்போது பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஃபைல்சிஸ்டம் | சைஸ் | யூஸ்டு | அவெய்ல் | யூஸ்% | மவுன்டட் ஆன்
டிஎம்பிஎஃப்எஸ் | 1.6ஜி | 2.1எம் | 1.6ஜி | 1% | /ரன்
/டெவ்/என்விஎம்இ0என்1பி2 | 98ஜி | 93ஜி | 0 | 100% | /
டிஎம்பிஎஃப்எஸ் | 7.8ஜி | 0 | 7.8ஜி | 0% | /டெவ்/எஸ்எச்எம்
/டெவ்/லூப்0 | 64எம் | 64எம் | 0 | 100% | /ஸ்னாப்/கோர்20
/டெவ்/என்விஎம்இ0என்1பி1 | 511எம் | 6.1எம் | 505எம் | 2% | /பூட்/இஎஃப்ஐ
/டெவ்/என்விஎம்இ0என்1பி3 | 359ஜி | 118ஜி | 223ஜி | 35% | /ஹோம்

டிஎஃப், பின்னால் வரப்போகிற டியூ ஆகிய இரண்டு கட்டளைகளும் பெல் ஆய்வகத்தில் 1971இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இருந்தவை. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அன்று வேலை செய்த பிடிபி-11 கணினியின் வட்டு 512 கேபி. இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அதில் கொள்ளாது. இடத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள் உண்டாக்கிய கருவிகள் இவை. அதனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்விக்குப் பதிலாகவே நிற்கிறது.

‘மவுன்டட் ஆன்’

இடப்பக்கத்திலிருந்து படிக்கத்தான் கண் போகும். ஆனால் கடைசி நெடுவரிசையிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் முகவரி அங்கேதான் இருக்கிறது. ஒற்றைச் சாய்கோடு என்றால் ரூட்: இயங்குதளம், நிறுவிய மென்பொருள்கள், அவை எழுதும் லாக் கோப்புகள் எல்லாம் அதனுள். ‘/ஹோம்’ என்பது உங்கள் சொந்தக் கோப்புகள். இந்தக் கணினியில் இரண்டும் தனித்தனிப் பார்ட்டிஷன்கள். நிறைந்திருப்பது முதலாவது. இரண்டாவதில் 223 ஜிபி காலியாகக் கிடக்கிறது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குடும்பப் படங்களும் வீடியோக்களும் இருப்பது /ஹோமில். அங்கே எவ்வளவு அழித்தாலும் ரூட்டுக்கு ஒரு கேபிகூடப் போய்ச் சேராது. குழந்தையின் பிறந்தநாள் வீடியோவை அழித்துவிட்டு, கணினி இன்னும் திறக்க மறுக்கிறதே என்று கலங்கி நிற்பவர்கள் உண்டு. அவர்கள் அழித்தது வேறொரு அறையில் இருந்த பொருள். பட்டியலில் /ஹோம் என்று தனி வரி இல்லாவிட்டால் கதை வேறு. அப்போது எல்லாம் ரூட்டிலேயே இருக்கிறது என்று பொருள், /ஹோமில் அழித்தாலும் இடம் வரும். கோப்பு மேலாளரில் டெலிட் அழுத்தினால் கோப்பு அதே பார்ட்டிஷனில் உள்ள குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது, அதையும் காலி செய்த பிறகே இடம் வரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘98ஜி, 93ஜி, 0’

98இலிருந்து 93 போனால் 5. ஆனால் மிச்சம் பூஜ்யம் என்கிறது பட்டியல். கணக்குத் தவறவில்லை. இந்தப் பார்ட்டிஷன்களில் உள்ள எக்ஸ்ட்4 கோப்பமைப்பை உருவாக்கும்போது மொத்தத்தில் 5 விழுக்காடு ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. சாதாரணப் பயனர் வட்டை முழுவதும் நிரப்பிவிட்டாலும், நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்யவும் கணினியின் அடிப்படைச் சேவைகள் தொடர்ந்து எழுதவும் அந்த இடம் கை கொடுக்கும். வட்டு விளிம்புவரை நிறைந்தால் ஒரே கோப்பு பல துண்டுகளாகச் சிதறி எழுதப்படும், அதையும் இந்த ஒதுக்கீடு தடுக்கிறது. யோசனை பழையது. பெர்க்லியில் உருவாகி 1984இல் விவரிக்கப்பட்ட ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் 10 விழுக்காட்டைக் காலியாக வைத்துக்கொண்டது.

ரூட் பார்ட்டிஷனில் இந்த 5 விழுக்காட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பூஜ்யம் என்று காட்டுகிற நாளில் கணினியைக் காப்பாற்றுவது அதுதான். /ஹோம் அப்படியல்ல. அங்கே 5 விழுக்காடு என்பது சுமார் 18 ஜிபி வரும். சொந்தக் கோப்புகள் மட்டும் உள்ள பார்ட்டிஷனில் ஒதுக்கீட்டை 1 விழுக்காடாகக் குறைக்கலாம். ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்ற கட்டளையோடு அந்தப் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுத்தால் 14 ஜிபிக்கு மேல் கிடைக்கும். ஒரு கோப்பைக்கூட அழிக்காமல் வருகிற இடம் இது.

விழுக்காட்டுக் கட்டமும் இந்த ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறது. /ஹோம் வரியில் 118ஐ 359ஆல் வகுத்தால் 33 விழுக்காடுதான் வரும். பட்டியல் 35 என்கிறது, ஏனென்றால் அது 118ஐ வகுப்பது 341ஆல், அதாவது பயன்பட்டதும் கிடைப்பதும் சேர்ந்த தொகையால். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கும்.

இன்னொரு சந்தேகமும் இங்கே எழும். 500 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியில் உள்ள மூன்று பார்ட்டிஷன் வரிகளையும் கூட்டினாலும் 460க்குக் கீழேதான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெட்டியில் அச்சிடுபவர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், சிறிய எச் கொடுத்த டிஎஃப் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. 500 ஜிபி அப்படி எண்ணும்போது 465 ஆகும். மீதிச் சிறு வித்தியாசம் கோப்பமைப்பு தன் சொந்தக் கணக்குகளுக்கு எடுத்துக்கொண்டது.

‘டிஎம்பிஎஃப்எஸ்’, ‘/டெவ்/லூப்0’

இவற்றைத் தாண்டிப் போகலாம். டிஎம்பிஎஃப்எஸ் வரிகள் ராமில் இருப்பவை, வட்டில் இல்லை. லூப் வரிகள் ஸ்னாப் மென்பொருள்களின் சுருக்கிய, படிக்க மட்டுமே முடிகிற கோப்பமைப்புகள். எழுதவே முடியாத ஒன்றில் காலியிடம் எதற்கு? அதனால் அவை எப்போதும் 100% என்றே காட்டும். அந்த நூறைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’

பட்டியலில் காலியிடம் தெரிந்தும் இந்த வாசகம் வந்தால்? இயங்குதளத்தின் மையமான கர்னலின் பிழை வரிசையில் இதற்கு எண் 28. அந்த ஓர் எண்ணுக்குள் வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதற்காரணம் ஐநோடு. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உரிமையாளர், அனுமதி, நேரம், உள்ளடக்கம் வட்டில் எங்கே இருக்கிறது என்ற விவரங்களை வைத்திருக்கும் பதிவு அது. எக்ஸ்ட்4இல் இந்தப் பதிவுகளின் எண்ணிக்கை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி பார்ட்டிஷனுக்கு அது சுமார் 65 லட்சம். கடிதக்குறிப்பு அளவிலான சின்னஞ்சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் தீருமுன் பதிவுகள் தீர்ந்துவிடும். பந்தியில் சாதம் இருக்கிறது, இலைதான் இல்லை என்ற நிலை. ‘டிஎஃப் -ஐ’ கொடுத்தால் இந்தக் கணக்கு தெரியும். மின்னஞ்சல் வரிசைகள், வலைத்தளங்கள் விட்டுச்செல்லும் செஷன் கோப்புகள், நிரலாளர்களின் ‘நோடு மாட்யூல்ஸ்’ ஃபோல்டர்கள் ஆகியவை வழக்கமான காரணங்கள். எந்த ஃபோல்டரில் எத்தனை என்று ‘டியூ --ஐநோட்ஸ்’ எண்ணித் தரும்.

இன்னொன்று வட்டோடு சம்பந்தமே இல்லாதது. நிரல் எழுதும் மென்பொருள்கள் கோப்புகளில் மாற்றம் வருகிறதா என்று கர்னலைக் கண்காணிக்கச் சொல்லும். அந்தக் கண்காணிப்புகளுக்கு ஒரு பயனருக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினாலும் கர்னல் திருப்பித் தருவது இதே 28தான். அப்போது ஒரு கோப்பை அழிப்பதும் வீண். ‘சிஸ்சிடிஎல்’ வழியாக வரம்பை உயர்த்த வேண்டும்.

‘சூடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்’

டிஎஃப் எந்தப் பார்ட்டிஷன் என்று சொன்னது. அதற்குள் எந்த ஃபோல்டர் என்று சொல்ல டியூ வேண்டும். இந்த ஒரே வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘சூடோ’ இல்லாவிட்டால் உங்களுக்கு அனுமதியில்லாத ஃபோல்டர்கள் எண்ணிக்கையில் வராது, பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். ‘எக்ஸ்’ எழுத்தை விடவே கூடாது. இந்தப் பார்ட்டிஷனைத் தாண்டிப் போகாதே என்ற உத்தரவு அது. விட்டால் /ஹோமையும் செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்து எண்ணிக் கணக்கைக் குழப்பிவிடும். ‘டெப்த்=1’ என்றால் ஒரு படி மட்டும் இறங்கு. கடைசியில் ‘சார்ட் -எச்’ 900எம் என்பது 2ஜியைவிடச் சிறியது என்று தெரிந்து அடுக்குகிறது. வெறும் எண் வரிசையாக அடுக்கினால் 900 பெரியதாகக் கடைசிக்குப் போய்விடும். வரும் விடை:

480எம் | /பூட்
1.1ஜி | /ஆப்ட்
14ஜி | /யூஎஸ்ஆர்
51ஜி | /வார்
67ஜி | /

(சிறியவற்றை விட்டுவிட்டேன்.) பெரியதைப் பிடித்து, அதனுள் இதே கட்டளையை மறுபடி கொடுத்து, படிப்படியாக இறங்க வேண்டும். கட்டளை எழுத விருப்பமில்லாதவர்களுக்கு ‘என்சிடியூ’ இருக்கிறது, அம்புக்குறி விசைகளால் உள்ளே போய் வரலாம். வட்டப்படமாகக் காட்டும் ‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ உபுண்டுவில் கிடைக்கிறது. அதையும் ரூட் அனுமதியில்லாமல் திறந்தால் சில ஃபோல்டர்கள் தெரியாது.

இங்கே வாசகர் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார். டியூ கூட்டித் தந்தது 67. டிஎஃப் சொன்னது 93. நடுவில் 26 ஜிபி எங்கே?

பெரும்பாலானோர் கைவிடுகிற இடம் இது. டியூ ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து, பெயருள்ள கோப்புகளை எண்ணுகிறது. டிஎஃப் அப்படி நடப்பதில்லை, எத்தனை பிளாக்குகள் பயன்பாட்டில் உள்ளன என்று கோப்பமைப்பையே கேட்டுச் சொல்கிறது. ஆகவே வித்தியாசம் வந்தால், பெயரில்லாமல் அல்லது பார்வைக்கு எட்டாமல் ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்திருக்கிறது.

‘ஜாவா 2214 … 4டபிள்யூ … 27917287424 0 … அவுட்.லாக் (டெலிட்டட்)’

‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்ற கட்டளைக்கு வருகிற வரி இது. லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை நீக்குவதுதான். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும், இடமும் திரும்பாது. வரியைப் பிரித்துப் படிக்கலாம். ஜாவா என்பது நிரல். 2214 அதன் செயல் எண். 4டபிள்யூ என்றால் நான்காம் கைப்பிடியில் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது. அடுத்த நீண்ட எண் பைட்டில் அளவு. 1024இன் மடங்கில் சரியாக 26 ஜிபி. அதையடுத்த பூஜ்யம்தான் முக்கியம்: இந்தக் கோப்புக்கு இப்போது எத்தனை பெயர்கள் என்பதற்கான விடை. ஒன்றுமில்லை. யாரோ லாக் கோப்பு பெருத்துவிட்டது என்று அவசரமாக அழித்திருக்கிறார், நிரலை நிறுத்தவில்லை. நிரல் பெயரற்ற கோப்பில் இன்னமும் எழுதிக்கொண்டே இருக்கிறது.

தீர்வு எளிது. அந்த நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் 26 ஜிபியும் அந்த நொடியே திரும்பிவிடும். நிறுத்த முடியாத சேவை என்றால், ‘/ப்ராக்/2214/எஃப்டி/4’ என்ற பாதை வழியாக அந்தக் கோப்பை ரூட்டாக வெறுமையாக்கலாம். இனி ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக்கைக் குறைக்க வேண்டுமானால் அழிக்காதீர்கள், ‘ட்ரன்கேட் -எஸ் 0’ கொண்டு அளவைப் பூஜ்யமாக்குங்கள். அதற்கும் முன்னால் அதன் கடைசிச் சில வரிகளை ‘டெய்ல்’ கொண்டு படித்துவிடுங்கள். 26 ஜிபி லாக் எழுதுகிற நிரல் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பிழையைத் தீர்க்காமல் லாக்கை மட்டும் காலி செய்தால் வட்டு மறுபடி நிறையும்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டாவிட்டால் இரண்டாவது சாத்தியம். காப்புநகல் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒருநாள் இணைக்கப்படாமலிருக்க, தானாக ஓடும் நிரல் அது இணையும் வெற்று ஃபோல்டரிலேயே, அதாவது ரூட்டிலேயே, நகலை எழுதிவிடும். மறுநாள் டிஸ்க்கை இணைத்ததும் அதன் உள்ளடக்கம் மேலே வந்து அந்த நகலை மறைத்துவிடும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும்.

‘51ஜி /வார்’

மீதி வேலை இங்கே. /வாரில் உள்ளவை பல மென்பொருள்களின் வேலைக் கோப்புகள். ஒரு விதி போதும்: எந்தக் கருவி வைத்ததோ அந்தக் கருவியைக் கொண்டே எடுக்க வேண்டும். உள்ளே போய் ‘ஆர்எம்’ போட்டு அழிக்கக்கூடாது. ‘/வார்/லிப்/டிபிகேஜி’ சாதாரண ஃபோல்டர் மாதிரித்தான் தெரியும். எந்தெந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவேடே அது. அழித்தால் இனி எதையும் ஒழுங்காக நிறுவவோ நீக்கவோ முடியாது.

இறக்கிய நிறுவல் கோப்புகளுக்கு ‘ஏபிடி கிளீன்’. தேவையற்றுப்போன சார்பு மென்பொருள்களுக்கும் பழைய கர்னல்களுக்கும் ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை அது விட்டுவைக்கும். /பூட்டில் புகுந்து கையால் அழித்தவர்களின் கணினிகள் மறுநாள் எழாமல் போயிருக்கின்றன. ஜர்னல் பதிவுகள் எவ்வளவு என்று ‘ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’ சொல்லும். அது இயல்பாகவே கோப்பமைப்பின் 10 விழுக்காட்டையும் 4 ஜிபியையும் தாண்டாது; ‘--வாக்யூம்-சைஸ்=200எம்’ என்று குறைத்துக்கொள்ளலாம். ஸ்னாப் பழைய பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ‘ஸ்னாப் லிஸ்ட் --ஆல்’ காட்டும் பட்டியலில் ‘டிஸேபிள்டு’ என்றிருப்பவற்றை, அந்தப் பதிப்பெண்ணைக் குறிப்பிட்டு நீக்கலாம்.

நிரலாளர்களின் கணினியில் பெரும்பங்கு டாக்கருடையதாக இருக்கும். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ கொடுத்து, பிம்பங்கள், கொள்கலன்கள், வால்யூம்கள், பில்டு கேஷ் ஆகியவற்றின் கணக்கை முதலில் பாருங்கள். ‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’ நின்றுபோன கொள்கலன்களையும் பெயரற்ற பிம்பங்களையும் பில்டு கேஷையும் நீக்கும், வால்யூம்களைத் தொடாது. அதோடு ‘--வால்யூம்ஸ்’ என்று சேர்க்கும்போதுதான் ஆபத்து. தரவுத்தளங்கள் வசிப்பது வால்யூம்களில். கேட்கிற கேள்விக்கு ஒய் அழுத்துமுன் எந்த வால்யூம் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவை முடிந்ததும் டிஎஃப் பட்டியலை மறுபடி எடுத்தால் ரூட் வரி இப்படி இருக்கலாம்:

/டெவ்/என்விஎம்இ0என்1பி2 | 98ஜி | 55ஜி | 38ஜி | 60% | /

93இலிருந்து 55. இதில் 26 பெயரற்ற லாக், மீதி 12 /வாரிலிருந்து வந்தது. /ஹோமில் ஒரு படமும் போகவில்லை. உங்கள் கணினி இன்று நன்றாக இருக்கும்போதே டிஎஃப், டியூ இரண்டின் விடைகளையும் தேதியோடு ஒரு கோப்பில் எழுதி /ஹோமில் வைத்துவிடுங்கள். நிறைகிற நாளில் எந்த வரி வளர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.